623520-க்கும் 623521-க்கும் நடுவில் ஒரு பாலம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்துக்குக் கடிதம் போட்டால் உறையில் 623520 என்று பின்கோடு எழுத வேண்டும். அங்கிருந்து பாலம் ஏறி இறங்கினால் பாம்பன். அதன் பின்கோடு 623521. அடுத்தடுத்த இரண்டு எண்கள், நடுவில் இரண்டு கிலோமீட்டர் கடல். தபால்காரருக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் எண்களாக மட்டும் பார்த்தால், இந்த இரண்டைப் போல ஒட்டாத ஜோடி கிடைப்பது அரிது. முதல் எண்ணை 72 எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். இரண்டாவதை 1-ம் அதே எண்ணும் தவிர வேறு எதுவும் வகுக்காது.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலத்தைக் காட்டும். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு இருக்கும் தென்மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்தால் எந்தத் தபால் பிரிப்பு மாவட்டம் என்று தெரியும். நம் கரைக்கு 623. கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்துக்கு உரியவை. அப்படித்தான் ராமநாதபுரத்துக்கு 623501, கீழக்கரைக்கு 623517, ராமேஸ்வரத்துக்கு 623526, தங்கச்சிமடத்துக்கு 623529 என்று எண்கள் வந்தன. 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோன தனுஷ்கோடி அஞ்சலகத்துக்கு இப்படி ஓர் எண் கிடைக்கவே இல்லை. பின்கோடு பிறப்பதற்குக் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் முன்பே அது போய்விட்டது.

இந்த எண்களைக் கொடுத்தவர்கள் தபால் பைகளைப் பிரிக்கும் வசதியை மட்டுமே பார்த்தார்கள். எந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனக்கென்று ஓர் உள்கட்டு இருக்கிறது. அதை யாரும் வைக்கவில்லை, யாராலும் மாற்றவும் முடியாது. ஆறு இலக்க எண்ணை எடுத்துக்கொள்வதில் ஒரு வசதியும் உண்டு. பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாத அளவுக்கு அது பெரியது. போன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் முழுக்கத் திறந்து பார்த்துவிடும் அளவுக்குச் சின்னது. பிள்ளைகளுக்கு எண்ணியல் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் மண்டபத்தின் எண். 623520-ஐ உடைத்துக்கொண்டே போனால் 2 × 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 433 என்று வந்து நிற்கும். இதற்கு மேல் உடையாது. இவை எல்லாம் பகா எண்கள். எந்த முழு எண்ணையும் இப்படிப் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். எண்ணியலுக்கு இதுதான் அஸ்திவாரம். ஓர் எண்ணைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒற்றை வரியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். காரணிகள் எத்தனை என்ற கேள்வியையே பாருங்கள். ஒரு காரணியில் 2 என்பது ஒரு தடவையும் வராமல் இருக்கலாம், ஐந்து தடவை வரைக்கும் வரலாம். ஆக ஆறு வாய்ப்புகள். 3-க்கு மூன்று, 5-க்கு இரண்டு, 433-க்கு இரண்டு. 6 × 3 × 2 × 2 = 72.

இதை நிலத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் சரியாக 623520 சதுர அடிக்கு ஒரே நீள்சதுரப் பாத்தி கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 14 ஏக்கருக்குச் சற்று மேலே வரும். நீளமும் அகலமும் முழு அடியில் இருக்க வேண்டும். 36 விதமாகக் கட்டலாம். அவற்றில் சதுரத்துக்கு மிக நெருங்கியது 720 அடிக்கு 866 அடி. அதே நிலத்தோடு ஒரே ஒரு சதுர அடியைக் கூட்டி 623521 ஆக்கிவிட்டால் கதை மாறிவிடும். ஓர் அடி அகலத்தில் 623521 அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டலாம், அவ்வளவுதான். அந்த நீளம் 190 கிலோமீட்டர். வேறு எந்த அளவும் பொருந்தாது.

ஒன்றைக் கூட்டினால் இவ்வளவு மாறுமா? மாறும். அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கவே முடியாது. 7 ஒன்றை வகுத்தால் அடுத்ததை வகுக்க ஏழு எட்டு வைத்தாக வேண்டும். ஆகவே மண்டபத்தின் 2, 3, 5, 433 ஆகிய நான்கில் எதுவும் பாலத்தைத் தாண்டிப் பாம்பனுக்குப் போக முடியாது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள இந்தப் பகைதான் எண்ணியலில் பெரிய பெரிய கேள்விகள் எல்லாம் இன்னும் திறக்காமல் கிடப்பதற்குக் காரணம். பெருக்கலில் ஓர் எண்ணின் ஜாதகமே நம் கையில் இருந்தாலும், ஒன்று கூட்டினால் வருவது எப்படி உடையும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

சரி, பாம்பனின் எண் பகா எண் என்று எப்படித் தெரியும்? பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஓர் எண் உடையும் என்றால், அதன் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்க மூலத்துக்குள் இருக்க வேண்டும். 623521-இன் வர்க்க மூலம் 789-ஐச் சற்றுத் தாண்டும். 2, 3, 5, 7 என்று தொடங்கி 787 வரைக்கும் 138 பகா எண்கள். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, எதுவும் சரியாக வகுக்கவில்லை என்றால் அது பகா எண். வழி சரியானதுதான், ஆனால் சலிப்பு தரும். நடுவில் ஒரு வகுத்தலில் கை தவறினாலும் முடிவு கெட்டுவிடும்.

இதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. அதில் நமக்குக் கைகொடுப்பது மண்டபத்தின் எண்.

பாம்பனின் பழைய ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24. அதே 1914-ல் இங்கிலாந்தில் ஹென்றி பாக்லிங்டன் என்பவர் பெரிய எண்கள் பகா எண்கள்தானா என்று சோதிக்க ஒரு முறையை எழுதினார். ஓர் எண் உடைகிறதா என்று அறிய, அதற்கு ஒன்று குறைவான எண்ணின் காரணிகளைப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய யோசனை. பாம்பனுக்கு ஒன்று குறைவு மண்டபம். மண்டபத்தின் பெரிய காரணி 433. 623520 = 1440 × 433.

இதற்கு அடியில் இருப்பது ஃபெர்மா 1640-ல் சொன்ன சிறிய தேற்றம். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வகுபடாத ஏதாவது ஓர் எண்ணை, பகா எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை தன்னோடு தானே பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7-ஐ வைத்துப் பார்த்தால், 2-ஐ ஆறு தடவை பெருக்க 64. அதை 7-ஆல் வகுக்க மீதி 1.

இப்போது 2-ஐ எடுத்து, 623521-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கிப் போவோம். 2-இன் 45-ஆம் அடுக்குக்கு மீதி 505265. அதை வர்க்கம் செய்தால் 90-ஆம் அடுக்கு, மீதி 152548. மறுபடி வர்க்கம் செய்ய 180-ஆம் அடுக்கு, 465063. அடுத்து 360-க்கு 370615, 720-க்கு 37135, 1440-க்கு 403294. வர்க்கம் செய்வதால் அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது, மீதியோ ஆறு இலக்கத்தைத் தாண்டுவதில்லை. பெருக்கும்போது வருவதும் பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் போகாது.

அப்புறம் இந்த 403294-ஐ இதே மாதிரி 433-ஆம் அடுக்குக்கு ஏற்ற வேண்டும். 432-ஆம் அடுக்கு வரைக்கும் போனால் கையில் இருக்கும் மீதி 14145. இன்னும் ஒரே ஒரு பெருக்கல் பாக்கி. 14145 × 403294 = 5,70,45,93,630. இன்னொரு பக்கம் 623521 × 9149 = 5,70,45,93,629. மீதி 1. முதல் தடவை இந்த 1 திரையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை ஒவ்வொரு மாணவனும் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும்.

இதிலிருந்து முடிவுக்கு வருவது இப்படி. 623521-ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் வகுத்துப் பார்த்தாலும் 403294-இன் 433-ஆம் அடுக்கு மீதி 1-தான் தரும். 403294 தானே மீதி 1 தந்துவிடுமோ என்றால், இல்லை. 403293-க்கும் 623521-க்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) 1 என்பதைச் சில வரிகளில் போட்டுப் பார்த்துவிடலாம். 433 ஒரு பகா எண். எனவே அடுக்கை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போனால் மீதி 1 முதன்முதலில் வருவது சரியாக 433-ஆம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் தேற்றமோ, நாம் எடுத்த பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமானால் அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவானது 433-இன் மடங்காக இருந்தாக வேண்டும். 433-உடன் ஒன்று கூட்டினால் 434, அது இரட்டை எண். அடுத்தது 866-உடன் ஒன்று, 867. அதாவது 623521-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 867-க்குக் குறையாது. ஆனால் உடையும் எண்ணுக்கு 789-க்குள் ஒரு காரணி இருக்க வேண்டும் என்று முன்பே பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே 623521 உடையாது.

138 வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு டஜன் பெருக்கல்களில் வேலை முடிந்துவிட்டது. மண்டபத்தின் எண் இவ்வளவு சுலபமாக உடைந்ததால்தான் பாம்பனின் எண் உடையாது என்று நிரூபிக்க முடிந்தது. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களையும் இந்த வகைச் சோதனையால் பகா எண் என்று உறுதிப்படுத்துகிறார்கள். அங்கே 138-க்குப் பதிலாக, கணினிக்கும் எட்டாத எண்ணிக்கையில் வகுத்தல்கள் வந்து நிற்கும். இந்த அளவிலான எண்களில் சராசரியாக 13-க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அதனால் பாம்பனுக்கு இது கிடைத்ததை அதிசயம் என்று சொல்ல மாட்டேன். நல்ல வாய்ப்பு.

இனி வேறொரு கேள்வி. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 13 என்றால் 4 + 9, முடியும். 7 என்றால் முடியாது. நம் கரையின் எண்களிடம் இதைக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்கிறது.

ராமேஸ்வரத்திலிருந்து தொடங்குவோம். 623526 = 2 × 3 × 17 × 6113. இலக்கங்களைக் கூட்டினால் 6 + 2 + 3 + 5 + 2 + 6 = 24. எண் ஜோதிடக்காரர்கள் இதை மேலும் கூட்டி 6 என்று சொல்லி, அந்த 6-க்குப் பலன் வாசிப்பார்கள். ஓர் ஊரின் தலைவிதியை அந்த 6 சொல்லாது. ஆனால் இலக்கக் கூட்டலுக்கு உண்மையிலேயே ஒரு பொருள் உண்டு, அது ஜோதிடத்தைவிட எனக்கு இனிமையாகத் தெரிகிறது. 10, 100, 1000 எல்லாம் 9-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. அதனால் ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தாலும், அதன் இலக்கக் கூட்டலை 9-ஆல் வகுத்தாலும் ஒரே மீதிதான் வரும். 24-ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. 623526-ம் அப்படியே.

இதிலிருந்தே நம் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 வரும், 2 வரவே வராது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டியது 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டின் மீதியும் 0 ஆக இருக்க வேண்டும். அதாவது இரண்டு எண்களையும் 3 வகுக்க வேண்டும். அப்போது இரண்டு வர்க்கங்களையும் 9 வகுக்கும், கூட்டலையும் 9 வகுத்துவிடும். 3 வகுத்து 9 வகுக்காத எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வர வழியே இல்லை. ஆகவே ராமேஸ்வரத்துக்கு முடியாது. கீழக்கரையின் 623517-க்கும் இலக்கக் கூட்டல் 24-தான். அதற்கும் முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய நிரூபணம் இது. வர்க்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து நூற்றுக்கணக்கான தோல்விகளைக் காண வேண்டியதில்லை.

பாம்பனுக்கு முடியும். 623521 = 489² + 620². 239121-ம் 384400-ம் கூட்டிப் பாருங்கள். இதைத் தேடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் வேலையாக இருக்காது. வர்க்கங்களின் கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 ஆகிய ஆறில் ஒன்றுதான். கூட்டினால் கடைசியில் 1 வர வேண்டும் என்றால் 0-வும் 1-ம் சேர வேண்டும், அல்லது 5-ம் 6-ம் சேர வேண்டும். எப்படியும் இரண்டில் ஒன்று 5-இன் மடங்கு. இதே மாதிரி மீதிகளை வைத்துப் பார்த்தால், ஒன்று 3-இன் மடங்கு, ஒன்று 4-இன் மடங்கு என்று தெரியும். இப்படிச் சலித்தால் சோதிக்க வேண்டியவை சில டஜனுக்குள் அடங்கிவிடும். 620 என்பது 4-க்கும் 5-க்கும் பொதுவான மடங்கு, 489 என்பது 3-இன் மடங்கு. இந்த இரண்டு எண்களிலிருந்து ஒரு செங்கோண முக்கோணமும் பிறக்கும். கர்ணம் 623521, மற்ற இரண்டு பக்கங்கள் 145279, 606360.

பகா எண்களில் எவற்றுக்கு இது முடியும் என்ற விதி மிகச் சுருக்கமானது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் எல்லாவற்றுக்கும் முடியும், அதுவும் ஒரே ஒரு விதத்தில். மீதி 3 தரும் எதற்கும் முடியாது. ஆல்பெர் ஜிரார் 1625-லேயே இதைக் கவனித்திருந்தார். ஃபெர்மா 1640 கிறிஸ்துமஸ் நாளில் மெர்சனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார், நிரூபணத்தை எழுதி வைக்கவில்லை. ஆய்லர் நிரூபித்து முடிக்க 1749 ஆனது. மீதி 3 தருவதற்கு ஏன் முடியாது என்பது சுலபம். வர்க்கங்களை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 வரும், 3 வராது. மீதி 1 தருவதற்கு ஏன் கட்டாயம் முடியும் என்பதுதான் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்த பகுதி.

உடையும் எண்களுக்கு விதி இன்னும் சுவையானது. மீதி 3 தரும் பகா காரணி ஒவ்வொன்றும் ஜோடி ஜோடியாக வந்தால் பரவாயில்லை, ஒற்றையாக வந்தால் காரியம் கெட்டுவிடும். கீழக்கரையைப் பாருங்கள். 623517 = 3 × 307 × 677. இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1, பாம்பனைப் போலவே. மேலோட்டமாகப் பார்த்தால் முடியும் என்று தோன்றும். ஆனால் உள்ளே 3-ம் 307-ம் இருக்கின்றன, இரண்டும் மீதி 3 தருபவை, இரண்டும் ஒற்றை. தங்கச்சிமடத்தில் இதற்கு நேர் எதிர். 623529 = 3 × 3 × 29 × 2389. இங்கே 3 ஜோடியாக வந்துவிட்டது. எனவே முடியும். 780² + 123² என்றும் எழுதலாம், 627² + 480² என்றும் எழுதலாம். மண்டபத்திலும் 3 ஜோடிதான். 756² + 228², 636² + 468².

ராமநாதபுரத்தின் எண்ணைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 623501 பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும். 2, 3, 5, 7, 11, 13 எதற்கும் மசியாது. வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 81 பகா எண்கள் வரைக்கும் ஒன்றும் நடக்காது. எண்பத்திரண்டாவது பகா எண் 421. அங்கேதான் உடைகிறது. 623501 = 421 × 1481. இரண்டும் பகா எண்கள். இணையத்தில் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு இதே மாதிரி எண்ணால்தான் ஆனது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கல் பலனை ஊருக்கெல்லாம் காட்டிவிடுவார்கள். எவற்றைப் பெருக்கினோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நம் எண்ணுக்கு ஆறு இலக்கம், அந்தப் பூட்டுகளில் வழக்கமான அளவுக்கு 617 இலக்கம்.

421-ம் 1481-ம் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. 421 = 15² + 14². 1481 = 35² + 16². இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவே இருக்கும் என்பது டயோபாண்டஸ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். 628-ல் பிரம்மகுப்தர் அதை இன்னும் பொதுவான வடிவில் தந்தார். செய்முறை எளிது. 15 × 35 = 525, 14 × 16 = 224. கூட்டினால் 749, கழித்தால் 301. 15 × 16 = 240, 14 × 35 = 490. கழித்தால் 250, கூட்டினால் 730. ஆக 623501 = 749² + 250², இன்னொரு விதமாக 301² + 730².

இதைத் திருப்பிப் போட்டால் பூட்டு திறந்துவிடும் என்று கண்டவர் ஆய்லர். 421, 1481 என்ற எண்கள் நமக்குத் தெரியாது, அந்த இரண்டு கூட்டல்கள் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை எண்கள் இரண்டையும் கழித்தால் 749 − 301 = 448. இரட்டைப்படை எண்களைக் கழித்தால் 730 − 250 = 480. இவற்றின் மீ.பொ.வ. 32. வகுத்தால் கிடைப்பவை 14, 15. 14² + 15² = 196 + 225 = 421. காரணி கையில் வந்துவிட்டது! ஓர் எண் இரண்டு விதமாக வர்க்கங்களாகப் பிரிந்தால் அது உடையும் எண் என்பதற்கு அதுவே சாட்சி. எப்படி உடைகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பாம்பனின் எண்ணுக்கு இரண்டாவது விதம் கிடைக்காததும் இதனால்தான்.

இரண்டு வர்க்கங்களாக எழுத முடிந்த எண்கள் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு 1908-ல் லாண்டாவ் என்ற ஜெர்மானியர் விடை கண்டிருந்தார். அது தெரியாமலே, சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அதே விடையைச் சொல்லியிருந்தார். எண்கள் பெரிதாகப் பெரிதாக அந்தப் பங்கு மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு வேகத்தில் குறையும் என்பதைச் சொல்லும் மாறிலி 0.7642 என்று தொடங்கும். லாண்டாவ்–ராமானுஜன் மாறிலி என்று இன்று இரண்டு பேரையும் சேர்த்தே அதை அழைக்கிறார்கள். ஆறு லட்சத்தை ஒட்டிய எண்களில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைச் சற்றுத் தாண்டும். நாம் பார்த்த ஆறு ஊர்களில் நான்குக்கு முடிகிறது, இது வழக்கத்தைவிட மிக அதிகம். வேறு ஆறு பின்கோடுகளை எடுத்திருந்தால் ஒன்றோ இரண்டோதான் தேறியிருக்கும்.

கீழக்கரையின் காரணிகளில் ஒன்றை இன்னும் பேசாமல் விட்டிருக்கிறேன். 677. அது 26² + 1. ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டினால் வரும் பகா எண்கள் 2, 5, 17, 37, 101 என்று போய்க்கொண்டே இருக்கின்றன. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் பார்த்த அதே தொல்லைதான் இங்கேயும். வர்க்கம் உடைவது நன்றாகத் தெரியும், ஒன்று கூட்டிய பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. இத்தகைய பகா எண்களுக்கு முடிவே இல்லையா என்ற கேள்வியை 1912-ல் கேம்பிரிட்ஜில் நடந்த உலகக் கணித மாநாட்டில், இன்றைய கணிதத்துக்கு எட்டாத நான்கு கேள்விகளில் ஒன்றாக முன்வைத்தார் அதே லாண்டாவ். முடிவில்லை என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். 1978-ல் ஹென்றிக் இவானியெட்ஸ் மிக அருகில் வந்தார். வர்க்கத்தோடு 1 கூட்டியது பகா எண்ணாகவோ, இரண்டு பகா எண்களின் பெருக்கலாகவோ அமைவது முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் என்று நிரூபித்தார். பாம்பன் மாதிரியோ ராமநாதபுரம் மாதிரியோ என்ற அளவுக்குச் சொல்லிவிட்டார். பாம்பன் மாதிரி மட்டும் என்று சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.